கண்டக்டருக்கு நாலு மெகாபிட்

1. கூன் முதுகு

கண்டக்டர் ஏகாம்பரம் கடைக்குள் வந்தபோது நான் ஒரு கேட்ரிட்ஜின் முதுகை ஹாக்ஸா பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு புடவைக் கடையின் மாடியில் எங்கள் சர்வீஸ் சென்டர். சென்டர் என்றால் ஒரு கண்ணாடி கவுன்டர், பின்னால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். சால்டரிங் செய்யும்போது முனை ஆறிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அப்படி வியர்த்து ஒழுகியே என் இருபதுகள் போயின.

எம்பெடட் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், அந்தக் காலத்தில் ஃப்ளாஷ் கேட்ரிட்ஜைக் கையாலேயே செய்வீர்களாமே என்று. ஏதோ வீரக் கதை வரப்போகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வீரமெல்லாம் கிடையாது. கழுத்து வலி இருந்தது, சால்டரிங் பசையின் ஃப்ளக்ஸ் புகையில் எரிகிற கண் இருந்தது. இரண்டும் இன்னும் என்னோடுதான் இருக்கின்றன.

வேலை இதுதான். கையில் வைத்து ஆடும் கேம் மிஷினில் கேட்ரிட்ஜ் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைச் சொருக வேண்டும். கம்பெனிக் கேட்ரிட்ஜில் இருக்கும் ஆட்டத்தை மாற்ற முடியாது. நாங்கள் ஒரு பழைய கேட்ரிட்ஜை வாங்கி, உள்ளே இருக்கும் மெமரி சிப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய சிப் ஒன்றை மெல்லிய வயர்களால் இழுத்துக் கட்டுவோம். எங்கள் சிப் குண்டு. டப்பாவுக்குள் அடங்காது. அதனால் டப்பாவின் முதுகை அறுத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்ட வேண்டும். கூன் விழுந்த மாதிரி இருக்கும். வாடிக்கையாளர்களே "கூனன் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். ஆட்டங்கள் எல்லாம் காப்பி அடித்தவைதான். அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆரம்பத்தில் ஈப்ரம் சிப் போட்டோம். அதன் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா விளக்கில் காட்டினால் எழுதியது அழியும். ஜன்னலை ஸ்டிக்கர் ஒட்டி மூடாவிட்டால் வெயிலே மெல்ல மெல்ல அழித்துவிடும். மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்து, "எங்காத்துப் பிள்ளை உள்ள ஏதோ பளபளங்கறதுன்னு ஸ்டிக்கரை உரிச்சு வெயில்ல வெச்சுட்டான். இப்போ ஆட்டம் வரலை, கோடு கோடா வரது" என்று கவுன்டரில் போட்டார். அந்த மாதிரி பத்துப் பேரைப் பார்த்த பிறகு ஃப்ளாஷுக்கு மாறினோம். ஃப்ளாஷ் சிப்புக்கு ஜன்னல் கிடையாது. மின்சாரத்தாலேயே அழித்து எழுதலாம். ஆனால் புதிதாக எங்கே கிடைக்கும்? ரிச்சி தெருவிலும் சிந்தாதிரிப்பேட்டை ஸ்கிராப் கடைகளிலும் செத்த மதர்போர்டுகளிலிருந்து கழற்றியதைத்தான் பொறுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு மெகாபிட் கொள்ளளவுதான் இருக்கும். நாலு மெகாபிட் அகப்பட்டால் அன்றைக்கு முதலாளி எனக்கும் சேர்த்து டிகிரி காபி சொல்வார்.

முதலாளி சீனு சார் பொறுமைசாலி இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கட்டளை உண்டு. எந்த சிப்பில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் அதில் இருப்பதை அப்படியே ஒரு நகல் எடுத்து ஃப்ளாப்பியில் போட்டு வைத்துவிட வேண்டும். அந்த முதல் நகலுக்கு எங்கள் பாஷையில் டம்ப் என்று பெயர். "மொதல்ல டம்ப் எடுத்துண்டியோ? எடுக்காம வெட்டப்படாது, ஒட்டப்படாது. எடுத்த டம்ப்ப அப்புறம் தொடவும்படாது" என்பார். பிஸ்கட் டின் பிஸ்கட் டின்னாக ஃப்ளாப்பிகள் சேர்ந்து, கால் வைக்க இடமில்லை. எனக்கு எரிச்சலாக வரும். மனசுக்குள் திட்டிக்கொண்டே எடுத்து வைப்பேன்.

2. வெட்டிய மிச்சம்

ஏகாம்பரத்தை எனக்கு முன்பே தெரியும். நான் சாந்தோமிலிருந்து தினமும் வரும் பஸ்ஸின் கண்டக்டர். "உள்ள போ, உள்ள போ, மாமியார் ஊடா இது, வாசல்லயே நிக்கிற?" என்று அவர் போடும் சத்தத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள். அந்த வருஷம் அவர் குரல் கரகரக்க ஆரம்பித்து, மாதக்கணக்கில் அப்படியே நின்றுவிட்டது. கத்திக் கத்திக் கட்டிப்போச்சு, பனங்கற்கண்டு போடுங்கள் என்று பஸ்ஸில் எல்லோருமே வைத்தியம் சொன்னோம்.

அன்று கடைக்கு வந்தவரோடு அவர் மனைவி கன்னியம்மாவும் இருந்தார். கையில் ஒரு வயர் கூடை. அதில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"தங்கச்சி, தொண்டைல கட்டியாம். குரல்பொட்டியவே எடுத்துடணும்னு சொல்ட்டாங்க. வர்ற திங்கக்கெயம ஆபரேசன்" என்றார். அந்தக் கரகரப்பிலும் டிக்கெட் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அவருக்கு என் ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் நான் ஒரு கேட்ரிட்ஜை டெஸ்ட் செய்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். சீனு சாருக்கு ஒரு சபலம், எங்கள் கூனன்களை ஆன் செய்தால் தன் குரலில் "வணக்கம்" என்று வர வேண்டும். அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டு அந்த மிஷினைப் பேச வைத்திருந்தேன். அந்த வணக்கம் இவர் காதில் விழுந்திருக்கிறது.

"அந்த பொட்டில என் குரல வெச்சுக் குடு. நான் அமுக்குனா அது பேசணும்."

"எழுதிக் காட்டலாமே அண்ணே?"

"யாருக்கு? இதுக்கா?" என்று மனைவியைக் காட்டினார். "இதுக்கு பஸ்சு நம்பரே படிக்கத் தெரியாது. கலரப் பாத்து ஏறும். வாயால சொன்னாத்தான் உண்டு. டேப்புல போட்டு வெச்சா, தண்ணி கேக்க ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் ஓட்டிகினு குந்தியிருக்கணும்."

கன்னியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் கடை காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சீனு சார் உள்ளேயிருந்து வந்தார். "நம்ம கடை ஆஸ்பத்திரியா ஓய்?" என்று ஆரம்பித்தவர், ஃபைலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "சரி, ஸ்டெல்லா, மைக்க எடு" என்றார்.

கையில் இருந்தது ஒரு மெகாபிட் ஃப்ளாஷ் ஒன்றே ஒன்று. அந்த மிஷினின் மட்டமான ஒலித் தரத்திலேயே கணக்குப் போட்டாலும் அரை நிமிஷப் பேச்சுதான் அதில் அடங்கும். ஒரு மனுஷன் வாழ்க்கையின் மிச்சத்துக்கும் பேச அரை நிமிஷம். இதை அவரிடம் சீனு சார்தான் சொன்னார். ஏகாம்பரம் தலையாட்டினார். "ரெண்டு ஸ்டாப்பிங்குக்கு நடுவுல ஒரு பஸ்சுக்கே டிக்கெட்டு குடுத்தவன் நான். போதும்" என்றார்.

மைக் முன்னால் உட்கார்ந்ததும் மனிதர் மாறிப்போனார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மேடையில் பேசுகிறவர் மாதிரி, "தண்ணீர் வேண்டும்" என்றார். "வலிக்கிறது." "மின்விசிறியை நிறுத்து." "நீ சாப்பிட்டாயா?" ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெளிவாக விழுந்தது. எனக்கு நிம்மதி. இப்படிப் பேசினால் வெட்டுவது சுலபம்.

நடுநடுவே மட்டும் அவர் அவராக இருந்தார். மைக் ஓடிக்கொண்டே இருக்கும். இவர் மனைவி பக்கம் திரும்பிவிடுவார். "ஃபைல கூடைல வெச்சியா, இல்ல ஆட்டோலயே உட்டுட்டியா?" "தோ, அந்த ஃபேன் பக்கம் நவுந்து குந்துமே, வேர்த்து ஊத்துது பாரு." கன்னியம்மா அசையவில்லை. கடைசியில் ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்ச ஏன்மே உர்ருனு வெச்சிகினு கீற? நான் எங்க பூட்டேன்? தோ, இங்கதான கீறேன்" என்றார். சொல்லிவிட்டுப் பதிலுக்காக மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வரவில்லை. கீழே தெருவில் ஆட்டோக்கள் அலறிக்கொண்டிருந்தன. பிறகு தொண்டையைச் செருமி, "அடுத்தது இன்னா தங்கச்சி?" என்றார்.

வழக்கம்போல முழு ரெக்கார்டிங்கையும் டம்ப் எடுத்து ஃப்ளாப்பிகளில் போட்டேன். அப்புறம் வெட்ட உட்கார்ந்தேன். செருமல் போயிற்று, மூச்சு இழுப்பது போயிற்று, மனைவியைத் திட்டியது போயிற்று. சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்த மௌனம் முதலில் போயிற்று. எங்கள் தொழிலில் மௌனத்தைப் போல இடம் அடைக்கிற குப்பை வேறு கிடையாது. அதை இன்றைக்கும் நான் தப்பென்று சொல்லமாட்டேன். அரை நிமிஷத்துக்கு வேறு வழி இல்லை.

மிஷினின் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் தமிழ் எழுத்து உட்காராது. 'ண' போட்டால் கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். அதனால் டம்ளர், தலையணை, ஃபேன், தட்டு என்று படங்கள் வரைந்தேன். படத்துக்குப் போய் பட்டனை அழுத்தினால் அவர் குரல் வரும். ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும் முன்பே கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு பஸ்ஸில் வேறு கண்டக்டர் வந்தார். உள்ளே போகச் சொல்லி யாரும் கத்தவில்லை, எல்லோரும் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தோம்.

3. ரேஷன் ஆபீசர்

மழைக்காலம் முடிந்து, பொங்கல் கூட்டம் பாண்டி பஜாரை அடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். ஏகாம்பரம் பாதியாக இளைத்திருந்தார். கழுத்தில் ஒரு துளை, அதன் மேல் மெல்லிய துணி. அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு. கன்னியம்மா கூடையிலிருந்து மிஷினை எடுத்து கவுன்டரில் வைத்தார். கூனனின் முதுகு இரண்டாகப் பிளந்து, ஒரு வயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"கீழ விழுந்துடுச்சா அக்கா?"

"உயல. தூக்கி அடிச்சாரு."

"ஏன்?"

"நான் பதில் பேசலனு."

எனக்குப் புரியவில்லை. ஒற்றை வரியில் பதில் சொல்லிக்கொண்டிருந்த கன்னியம்மா அப்போதுதான் முழுசாக வாயைத் திறந்தார். ஒருமுறை திறந்தபின் மூடவில்லை.

"நீயே சொல்லும்மா. இந்த மனுசன் என்னிக்காவது ஊட்ல 'தண்ணீர் வேண்டும்'னு கேட்டுருக்காரா? 'இன்னாமே, தண்ணி எங்க'ம்பாரு. 'நீ சாப்பிட்டாயா'வாம். யாரோ ரேஷன் ஆபீசரு ஊட்டாண்ட வந்து நிக்கிற மாதிரி கீது. அதுக்கு நான் இன்னான்னு பதில் சொல்றது? ஆமாங்க ஐயான்னா? எனக்கு வாய் வரமாட்டேங்குது. இவரு அமுக்கறாரு, அது பேசுது, நான் சும்மா கீறேன். இவருக்கு கோவம் வந்துடுது. இப்ப மூணு வாரமா ஊட்ல பேச்சே இல்ல. இவரும் அமுக்கறதில்ல, நானும் பேசறதில்ல."

சொல்லி முடித்தபோது அவர் குரல் உடைந்துவிட்டது. "குரல் போனது கூட பரவால்லம்மா. மனுசன் இங்க கீறாரு, ஊட்ல யாரும் இல்லாத மாதிரி கீது" என்றார்.

ஏகாம்பரம் கையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தார். கண்ணாடியில் அதை ஒருமுறை தட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. விசில் ஊத இனி அவருக்கு வாயில் மூச்சில்லை. அந்தக் கணக்கை நாணயத்துக்கு மாற்றியிருந்தார். ஒரு தட்டு, இல்லை. இரண்டு தட்டு, ஆமாம். இப்போது அவர் தட்டியது ஒன்று. மிஷினை என் பக்கம் தள்ளினார், வேண்டாம் என்று கையை அசைத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

எனக்கு அன்றைக்கு உடம்பில் ஒரு துளி தெம்பில்லை. பொங்கலுக்கு முடிக்க வேண்டிய கூனன்கள் மேஜை முழுக்கக் கிடந்தன. சரி அண்ணே என்று வாங்கி அலமாரியில் போட்டிருக்கலாம். போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சீனு சார் உள்ளேயிருந்து கேட்டார்:

"ஸ்டெல்லா, அவர் டம்ப் இருக்கோன்னோ?"

4. டம்ப்

பிஸ்கட் டின்களைக் கவிழ்த்துத் தேடினோம். கன்னியம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தேடுவது என்ன என்று அவருக்கு நான் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் இன்னொரு ஏமாற்றம் எதற்கு? கடைசி டின்னின் அடியில் "கண்டக்டர்" என்று என் கையெழுத்தில் ஃப்ளாப்பிகள் கிடைத்தன. ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. சென்னை ஈரத்தில் ஃப்ளாப்பி மட்டும் தப்பிக்குமா? கம்ப்யூட்டரில் போட்டதும் கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டது. ஃபைல், ஆட்டோ என்று அவர் பேசியது அதோடு போயிற்று. மற்றவை படித்தன.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். நான் வெட்டிப்போட்ட மிச்சமெல்லாம் அங்கே இருந்தது. செருமல், மூச்சு, ஸ்டூல் கிறீச்சிடுவது, "நவுந்து குந்துமே". தண்ணீர் வேண்டும் என்று மேடைப் பேச்சு பேசியவர் அந்தப் பக்கம் யாரோ ஒருவர். இந்தப் பக்கம் இருந்தவர்தான் தினமும் என்னைப் பஸ்ஸுக்குள் தள்ளிய ஏகாம்பரம்.

"நாலு மெகாபிட் ஒண்ணு இருக்கே, அதைப் போடு" என்றார் சீனு சார். அது ஒரு பெரிய ஆர்டருக்காக வாரக்கணக்கில் அலைந்து பொறுக்கியது. நான் அவரைப் பார்த்தேன். "பாத்துண்டு நிக்காதே, போடுங்கறேன்" என்று எரிந்து விழுந்தார்.

பெரிய சிப்புக்கு, எந்த இடத்தைப் படிப்பது என்று சொல்லும் அட்ரஸ் வயர்கள் கூடுதலாக இரண்டு இழுக்க வேண்டும். சிப்பில் எழுதச் சொல்லும் பின்னை சும்மா தொங்கவிடாமல் மின்சாரத்தோடு கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிப் உளற ஆரம்பிக்கும். முதுகை மறுபடி அறுத்து, இன்னும் உயரமான கூன் ஒட்டினேன். இடம் முன்பைவிட நாலு பங்கு. வேலை மூன்று நாள் இழுத்தது. அவர்களைத் திரும்ப வரச் சொல்லியிருந்தேன்.

பழைய சொற்களையும் விட்டுவைத்தேன், டாக்டரிடம் பேச ரேஷன் ஆபீசர் வேண்டுமே. அதன் பிறகு மிச்சத்தையெல்லாம் வரிசையாக வைத்தேன். இந்த முறை வெட்டவில்லை. கை தானாகவே மௌனத்தை வெட்டப் போகும், பழக்கம் அப்படி. "இங்கதான கீறேன்" என்பதற்குப் பின்னால் அவர் பதிலுக்காகக் காத்திருந்த நேரம் முழுவதும் அப்படியே இருந்தது. ஒன்றுமே இல்லாத அந்த இடைவெளிக்கு, தண்ணீர், வலி, ஃபேன் மூன்றுக்கும் சேர்த்துக் கொடுத்ததைவிட அதிக இடம் போனது. போகட்டும் என்று விட்டேன். அதற்குப் படமாக உர்ரென்று ஒரு முகம் வரைந்தேன்.

5. காத்திருந்த இடம்

ஏகாம்பரம் மிஷினை வாங்கிக்கொண்டு நம்பிக்கையில்லாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னியம்மா அன்று போலவே காலண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் உர்ரென்ற முகத்தைக் காட்டி, "இத அமுக்குங்கண்ணே" என்றேன்.

"மூஞ்ச ஏன்மே உர்ருனு வெச்சிகினு கீற? நான் எங்க பூட்டேன்? தோ, இங்கதான கீறேன்."

அந்த மிஷினின் தரத்தில் குரல் தகரத்தில் மணல் கொட்டுவது போலத்தான் இருந்தது. அதன் பிறகு பேச்சில்லை. ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல், அதற்குள் தூரத்தில் ஒரு ஆட்டோ. அவர் காத்திருந்த இடம்.

கன்னியம்மா வெடுக்கென்று திரும்பினார். "ஆமா, கீற! நீ கீற லட்சணத்தத்தான் பாத்தேனே! மிசின தூக்கி சொவுத்துல அடிச்சிட்டு, இப்ப வந்து என் மூஞ்சப் பத்தி பேசறியா நீ?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பாத்தியாம்மா, எப்டி வாயக் கிளறி பேச்சு வாங்கறாரு!" என்று என்னிடமே புகார் சொன்னார். ஏகாம்பரத்தின் தோள்கள் குலுங்கின. சத்தமே வராமல் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சீனு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கரண்ட் பில் எங்கே என்று யாரிடமோ கேட்டார்.

"இது சரியா அண்ணே?" என்றேன். அவர் நாணயத்தை எடுத்துக் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சிப் வந்துவிட்டது. இப்போது உங்கள் கையில் இருக்கும் போனில் ஒருவர் நாள் முழுக்கப் பேசினாலும் இடம் தீராது. எனக்கு இதெல்லாம் பார்க்கக் களைப்பாக இருக்கிறது, பிரமிப்பாக இல்லை. தொழிலில் கற்றது என்ன என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். வெட்டத்தான் வேண்டியிருக்கும், இடம் எப்போதும் போதாது. ஆனால் வெட்டுவதற்கு முன் முழுசாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி சொன்னால் திட்டிக்கொண்டாவது எடுத்து வையுங்கள். எது குப்பை என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியாது.

அன்று அவர்கள் மாடிப்படி இறங்கும்போது மிஷின் மறுபடி பேசியது. "நவுந்து குந்துமே" என்றது. நடுப்படியில் நின்று கன்னியம்மா, "எங்க நவுர்றது, சொவுத்துக்குள்ள பூந்துக்கவா?" என்று கத்தினார். மேலே உட்கார்ந்து அடுத்த கூனனின் முதுகை அறுத்துக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது.